மாற வேண்டியது வகுப்பறையா, தேர்வா? – பள்ளிக் கல்வி குறித்த கேள்வி பதில்

(ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நிகழும் மாற்றங்களைப் பற்றிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.)

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பாட்டும் விளையாட்டும் அட்டைகளுமாகவே பொழுது போகிறது; வீட்டுப்பாடமும் இல்லை. உண்மையில் படிக்கிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு தாய்

உங்கள் மகளின் வகுப்பில் நடப்பதற்கு இருபது ஆண்டு வரலாறு உண்டு. ஆந்திரத்தின் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் படிக்க நேர்ந்ததால் உருவான, பாட அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் படிக்கும் முறையை, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் ஏற்றுத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. அதுவே செயல்வழிக் கற்றலாகி, சில ஆண்டுகளில் மாநிலத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. பிள்ளைகள் பாயில் அமர்ந்ததும், கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியதும் அப்போதுதான். கொரோனா விடுமுறைக்குப் பின் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமோ பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல், அவர்கள் இப்போது எட்டியிருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது.

வீட்டுப்பாடம் இல்லாதது குறையன்று. முதலிரு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018-இல் ஆணையிட்டிருக்கிறது. மகள் படிக்கிறாளா என்று அறிய, அவள் இதுவரை பார்த்திராத ஒரு சிறு கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அதில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பாடப்புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் மனப்பாடமாகியிருக்கும்.

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிகிறேன். ஐந்து வகுப்புகளையும் நாங்கள் இருவர்தாம் பார்க்கிறோம். புதுத் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எதை முதலில் செய்வது? – தொடக்கப் பள்ளி ஆசிரியை

திட்டங்களை வரிசைப்படுத்துவதற்கு முன் உங்கள் நேரத்தைக் கணக்கிட வேண்டும் என்பதே என் கருத்து. கல்வி உரிமைச் சட்டம் அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களையே வரையறுக்கிறது. எண்ணிக்கை விகிதமாகப் பார்த்தால் அது நியாயமாகத் தோன்றும். ஆனால் ஐந்து வகுப்புகளுக்கு இருவர் என்று பார்த்தால், எந்த நேரத்திலும் மூன்று வகுப்புகளாவது ஆசிரியர் முகம் பாராமல் இருக்கும். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ செல்லும் நாளில் நிலைமை என்னவென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்குப் பள்ளி, மாணவர் விவரங்களை எமிஸ் (EMIS) என்ற அரசு இணையதளத்தில் பதிவேற்றும் வேலையும் உண்டு. தரவு தேவைதான், ஆனால் அதைத் திரட்டும் பொறுப்பு கற்பிப்பவர் தலையில் விழும்போது, கற்றலை அளக்க வந்த கருவியே கற்றலுக்கான நேரத்தைத் தின்றுவிடுகிறது.

இந்த நிலையில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளின் வாசிப்புக்கும் அடிப்படைக் கணக்குக்கும் காலை நேரத்தை ஒதுக்கி, அதை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்நேரத்தில் தாமாகவே செய்யக்கூடிய எழுத்துப் பணிகளைக் கொடுக்கலாம். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் போகும் பிள்ளைக்குப் பிந்தைய வகுப்புகளின் எந்தப் புத்தகமும் பயன்படுவதில்லை.

கேள்வி: எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்பதால்தான் பிள்ளைகளுக்குப் பயமே இல்லாமல் போய்விட்டது. பழையபடி பெயிலாக்கினால் என்ன? – ஓய்வு பெற்ற அலுவலர்

ஐயா, பெயிலான பிள்ளைக்கு நாம் என்ன செய்தோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே பாடம், அதே முறை, இன்னொரு ஆண்டு. பலர் அந்த இன்னொரு ஆண்டை முடிக்காமலே வேலைக்குப் போனார்கள். ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் தமிழ்நாடு அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததால் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தியபோதும், எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்றே மாநில அரசு கூறியது. அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

எனினும் உங்கள் கவலையில் பாதி உண்மை இருக்கிறது. பெயிலாக்குவதற்கு மாற்றாக 2012-13-இல் ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன; பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் தேர்வாக நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று அன்றாடம் கவனிக்கவே அந்த நாற்பது. நடைமுறையிலோ அது கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய சார்ட்டுகளாகவும், பெற்றோர் இரவு விழித்துச் செய்த மாதிரிகளாகவும் பல இடங்களில் சுருங்கிவிட்டது. மதிப்பீடு பதிவேடாக மட்டும் மிஞ்சினால், தேர்ச்சி என்ற சொல்லுக்குப் பொருள் இருக்காது.

கேள்வி: பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது எங்களுக்கு நல்லதா? – மாணவர்

அந்தத் தேர்வு ஏன் வந்தது என்று தெரிந்தால் பதில் விளங்கும். பல பள்ளிகள், குறிப்பாக மதிப்பெண் விளம்பரத்தை நம்பிப் பிழைத்தவை, பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அங்கிருந்து வந்தவர்கள் பொறியியல் முதலாண்டில் கணக்கில் திணறினார்கள். இதைத் தடுக்கவே 2017-18-இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. பாடத்துக்கு 200 என்றிருந்த மதிப்பெண் 100 ஆனது. அதே 2017-இல் மாநில முதலிடப் பட்டியல் வெளியிடுவதும் நின்றது. என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலை நிறுத்தியது, பலர் பெரிதாகப் பேசிய வேறு பல திட்டங்களைவிட அதிகம் செய்தது.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் அப்பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதும் சுமை குறைந்தது நல்லதே. பழைய வழக்கம் திரும்பினால் மட்டுமே சிக்கல். உங்கள் பள்ளி இப்போதே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். நீட் தேர்வின் பாடத்திட்டம் இரண்டு வகுப்புகளையும் உள்ளடக்கியது என்பதால், இதில் இழப்பு உங்களுக்குத்தான்.

கேள்வி: ‘ப’ வடிவ இருக்கை பயன் தருமா? – பெற்றோர்

இருபது பிள்ளைகள் உள்ள அறையில் தரும். ஐம்பது பேர் உள்ள அறையில் கழுத்துவலி தரும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்த பின் ஆசிரியர் தேவைப்படுவாரா? – கல்லூரி மாணவி

தேவைப்படுவார், ஆனால் அவர் கேட்கும் கேள்விகள் மாற வேண்டியிருக்கும். “ஒளிச்சேர்க்கையை விளக்குக” என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்குக் கைப்பேசி நொடியில் விடை தருகிறது. ஆகவே வீட்டில் எழுதிவரும் கட்டுரை எதையும் அளக்காது. வகுப்பிலேயே பேசச் சொல்வதும், பள்ளி வளாகத்து வேப்பமரத்தைக் கொண்டு விளக்கச் சொல்வதும் அளக்கும். நாற்பது பேரிடம் வாய்மொழியாகக் கேட்க எத்தனை பாடவேளை ஆகும் என்று நீங்களே கணக்கிட்டால், இந்தத் தொழில்நுட்பம் ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்குமா, கூட்டுமா என்பது விளங்கும். ஆண்டிறுதி வினாத்தாள் பழையபடியே இருந்தால், எந்த ஆசிரியரும் இந்த வேலைக்குத் துணியமாட்டார்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கூட்டத்தில் என்ன கேட்பது? – உறுப்பினர்

அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், கேட்கத் தயங்க வேண்டாம். சுற்றுச்சுவரும் வண்ணப்பூச்சும் தாமாகவே பேச்சில் வந்துவிடும். ஆசிரியர் பணியிடம் எத்தனை காலியாக இருக்கிறது, சென்ற மாதம் எத்தனை நாள் ஆசிரியர்கள் வேறு பணிக்கு அனுப்பப்பட்டார்கள், மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சரளமாக வாசிக்க வருகிறது என்ற மூன்றையும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.