நாற்பது கார்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் போன பதிவில் ஆஸ்டன் மார்ட்டின் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வி8 வான்டேஜ் லெ மான்ஸ் என்ற காரைப் போகிற போக்கில் புகழ்ந்திருந்தீர்கள். பிரான்ஸில் நடக்கும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1959-இல் ஜெயித்ததற்கு 1999-இல் ஒரு நினைவு வண்டி. நாற்பது ஆண்டு என்பதால் நாற்பதே நாற்பது கார்கள் செய்தார்கள். இது சுத்தமான விற்பனைத் தந்திரம் இல்லையா? ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள சொகுசு வண்டிக்கும் பந்தயக் காருக்கும் என்ன சம்பந்தம்? ஜெயித்த அசல் கார் 2017-இல் இரண்டேகால் கோடி டாலருக்கு ஏலம் போனது. அதைப் புகழ்ந்தாலாவது அர்த்தம் உண்டு.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏலம் போனது ஜெயித்த கார் இல்லை. டிபிஆர்1 என்ற அந்தப் பந்தயக் கார் மொத்தம் ஐந்துதான் செய்தார்கள். 2017-இல் விலைபோனது முதலாவது, லெ மான்ஸில் ஜெயித்தது இரண்டாவது. அண்ணன் வாங்கிய விலையைத் தம்பி கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

டிபி என்றால் டேவிட் பிரவுன். கியர் சக்கரமும் டிராக்டரும் செய்து சம்பாதித்தவர். பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து 1947-இல் ஆஸ்டன் மார்ட்டினை 20,500 பவுண்டுக்கு வாங்கினார். அதற்கப்புறம் லெ மான்ஸில் பத்து வருஷம் முட்டி மோதினார். இதில் வேடிக்கை, ஊருக்கெல்லாம் கியர் விற்றவருடைய பந்தயக் காரில் பெரிய தொல்லையே கியர்பாக்ஸ்தான்.

1959-இல் அவர்களிடம் மூன்று டிபிஆர்1 இருந்தன. அவர்களுடைய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸின் காரை மட்டும் இஷ்டத்துக்கு விரட்ட விட்டார்கள். அவர் விரட்டினால் போட்டிக்கு வந்த ஃபெராரிக்காரர்கள் ரோஷப்பட்டுத் துரத்துவார்கள், எஞ்சினைக் கெடுத்துக்கொள்வார்கள் என்று கணக்கு. மற்ற இரண்டு கார்களுக்கும் உத்தரவு வேறு: சொன்ன நேரத்தில் சுற்றை முடி, அதற்கு மேல் போகாதே. மாஸின் கார் அன்றைக்கே படுத்துவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த கடைசி ஃபெராரி மறுநாள் முற்பகலில் சூடேறி நின்றது.

ஜெயித்த காரை மாறி மாறி ஓட்டிய இருவர், டெக்ஸாஸில் கோழிப்பண்ணை வைத்து நஷ்டப்பட்ட கரோல் ஷெல்பியும் இங்கிலாந்தின் ராய் சல்வடோரியும். ஷெல்பி பண்ணையில் போடுகிற கோடு போட்ட ஓவராலோடுதான் பந்தயத்துக்கும் வருவார். சல்வடோரியின் காலை எஞ்சின் வெக்கை பொசுக்கியது. இரவில் பின்பக்கம் ஏதோ அதிர்ந்தது. கியர்பாக்ஸ் போகப்போகிறது என்று பயந்து மெதுவாகவே ஓட்டினார். கடைசியில் பார்த்தால் பின் டயரில் ஒரு துண்டு பிய்ந்திருந்தது, அவ்வளவுதான். 24 மணி நேரத்தில் 323 சுற்று, சுமார் 4,348 கிலோமீட்டர். அடுத்த ஆஸ்டன் ஒரே ஒரு சுற்று பின்னால்.

அதாவது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வைத்து ஜெயித்த பந்தயம் அது. இப்போது நினைவு வண்டிக்கு வாருங்கள். 5.3 லிட்டர் வி8 எஞ்சின், அதற்குள் காற்றை அழுத்தித் தள்ள இரண்டு சூப்பர்சார்ஜர். விருப்பப்பட்டவர்களுக்கு 600 குதிரைத்திறன். டிபிஆர்1-க்கு இருந்தது சுமார் 250. எடையும் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். நீங்கள் சொன்னது சரி, நிதானத்துக்கு வைத்த நினைவுச்சின்னம் இப்படியா இருக்கும்? முன்னால் கிரில்லை மூடி மூக்குத்துளை மாதிரி வைத்ததும் எனக்கு ஒட்டவில்லை.

ஆனால் உள்ளே, ஸ்டியரிங்குக்குப் பின்னால், பழைய பந்தயக் காரை ஞாபகப்படுத்துகிற மாதிரி, எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்று காட்டுகிற ஆர்.பி.எம். மீட்டரைப் பெரிதாக்கி வைத்தார்கள். நான் புகழ்ந்தது அதற்காகத்தான். வேகமானி ஓட்டுநரின் பெருமைக்கு. ஆர்.பி.எம். மீட்டர் எஞ்சினை வதைக்காமல் இருப்பதற்கு. சல்வடோரி அந்த இரவு முழுக்க எந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருப்பார் என்று யோசியுங்கள். செய்தவர்கள் இவ்வளவு யோசித்தார்களோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இன்னொன்றும் பிடிக்கும். ஆஸ்டனின் நியூபோர்ட் பாக்னல் தொழிற்சாலையில் அந்த எஞ்சின்களைக் கையால் கோத்தவர்கள், ஒவ்வொன்றின் மேலும் தங்கள் பெயர் பொறித்த சின்னத் தகடு ஒன்றை வைத்தார்கள். பானெட்டைத் திறந்தால்தான் தெரியும்.

அன்புடன்.