கால்வாய்த் தண்ணீரைத் தொடாவிட்டாலும் அந்த வரி உண்டு

தம்பி, கலிபோர்னியாவின் சென்ட்ரல் வேலிப் பள்ளத்தாக்கில் இரண்டு ஏக்கரோடு வீடு பார்த்திருக்கிறீர்கள். வரி பில்லில் இர்ரிகேஷன் டிஸ்ட்ரிக்டுக்கென்று தனியாக ஒரு தொகை இருக்கிறது, நான் போர் தண்ணீர்தான் எடுக்கப் போகிறேன், அதை நீக்கச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். பள்ளிக்கூடம், வெயில் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். வரி விஷயத்தில் 2003-ல் நானே அடிபட்டவன், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

நீக்க மாட்டார்கள். டிஸ்ட்ரிக்ட் என்றதும் நம் ஊர் மாவட்டம் மாதிரி நினைக்காதீர்கள். இது பாசனத்துக்கென்றே அமைந்த உள்ளாட்சி. எடுக்கும் தண்ணீருக்குக் கட்டணம் வேறு. இந்த வரி, நிலம் அதன் எல்லைக்குள் இருப்பதற்காக. 1887-ல் வந்த ரைட் சட்டம் இதற்கு வழி செய்தது. ஊர்க்காரர்கள் வாக்களித்து டிஸ்ட்ரிக்ட் அமைக்கலாம், உள்ளே இருக்கும் நிலத்துக்கெல்லாம் வரி போடலாம், அந்த வரியை நம்பிக் கடன் பத்திரம் விற்று அணை கட்டலாம், கால்வாய் வெட்டலாம். அப்படி முதலில் அமைந்தது டர்லாக் ஊர் டிஸ்ட்ரிக்ட், அதே வருடம் மொடெஸ்டோ ஊருடையது. இரண்டும் சேர்ந்து கட்டிய லா கிரேஞ்ச் அணை 1893-ல் முடிந்தது. எனக்கு வேண்டாத தண்ணீருக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே வழக்குப் போட்டார்கள். 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஃபால்ப்ரூக் வழக்கில், வரி செல்லும் என்று சொல்லிவிட்டது. உங்கள் போரில் ஊறும் தண்ணீரிலும் கால்வாயிலிருந்து கசிந்து இறங்கியது கலந்திருக்கலாம், அதையும் யோசியுங்கள்.

இனி எச்சரிக்கை. பாக்கி விழுந்தால் அது நிலத்தின் மேல் வில்லங்கமாக உட்காரும். கவுண்டி அனுப்பும் சொத்து வரி பில்லோடு சேர்ந்து வந்தால் டிசம்பர் 10, ஏப்ரல் 10 கடைசி நாள், தாண்டினால் பத்து சதவீத அபராதம். சில டிஸ்ட்ரிக்டுகள் தனி பில் அனுப்பும், தேதியும் வேறு. எஸ்க்ரோவிலிருந்து, அதாவது வீட்டுக் கடன் தவணையோடு வரிக்கென்று பிடித்து வைக்கும் கணக்கிலிருந்து, பேங்க் எல்லாவற்றையும் கட்டிவிடும் என்று நம்பி இருந்தேன். பில் பழைய உரிமையாளர் பெயரில் வந்ததால் பிரிக்காமல் வைத்துவிட்டேன். இரண்டு தவணை கட்டாமல் போனது.

நம்மவர்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. 1996-ல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ப்ராப்போசிஷன் 218 சட்டத்தின்படி, அசெஸ்மென்ட் எனப்படும் இந்த வகை நில வரியைப் புதிதாகப் போடவோ கூட்டவோ வேண்டுமானால், அதற்கான பொதுக் கூட்டத்துக்கு 45 நாள் முன்னால் நில உரிமையாளருக்கு வாக்குச்சீட்டு தபாலில் வர வேண்டும். குடியுரிமை தேவையில்லை, பத்திரத்தில் பெயர் இருந்தால் போதும். திரும்பி வந்த சீட்டுகளை மட்டும்தான் எண்ணுவார்கள். நம்மவர்கள் அதை விளம்பரக் கடிதமென்று குப்பையில் போட்டுவிட்டு, வரி ஏறியபின் வாட்ஸப்பில் புலம்புகிறார்கள். நான் இருபது வருடமாக ஒன்றைக்கூட விட்டதில்லை.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து பாதாம் தோட்டத்துப் போர்த்துகீசியப் பெரியவர். அபராத பில்லை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துக் காட்டினார். அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கால்வாய்த் தண்ணீர் பாய்ச்ச அவருடைய முறை. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மதகுச் சக்கரத்தைத் திருப்பினார். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கி நின்றேன்.