டர்போ ஈக்வலைசர் ராத்திரி முழுக்க ஓடுகிறதா?

தம்பி, உங்கள் ப்ராஜெக்டில் டர்போ ஈக்வலைசர் (சேனலில் கலங்கிய சிக்னலை, பிழை திருத்தும் டிகோடரோடு சுற்றுச் சுற்றாகத் தகவல் மாற்றிச் சரிசெய்யும் பகுதி) ராத்திரி முழுக்க ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். காரைக்குடி வெயிலையும் லேப்டாப்பையும் குறை சொல்லாதீர்கள், கணக்கே அப்படித்தான். 16-க்யூஏஎம் (அனுப்பும் ஒவ்வொரு சிம்பலும், அதாவது குறியும், 16 வகைகளில் ஒன்று), 5 டேப் சேனல் (ஒரு சிம்பலோடு முந்தைய நான்கும் கலந்து வரும் பாதை) என்கிறீர்கள். அதற்கு முழு பிசிஜேஆர் ஈக்வலைசர் (எல்லாச் சாத்தியங்களையும் கணக்கில் எடுக்கும் முறை) போட்டால் 65,536 நிலைகள் (முந்தைய நான்கு சிம்பல்களின் சேர்க்கைகள்), சிம்பலுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கிளைகள், அதையும் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் ஓட்டியாக வேண்டும். அதன் எளிய வடிவமான மேக்ஸ்-லாக் போட்டாலும் கிளைகள் குறையாது.

எம்எம்எஸ்இ (பிழை வர்க்கத்தின் சராசரியைக் குறைக்கும்) வழிக்கு வாருங்கள். டிகோடர் தரும் எல்எல்ஆரிலிருந்து (ஒவ்வொரு பிட்டும் 0-ஆ 1-ஆ, அதில் எவ்வளவு உறுதி என்று சொல்லும் எண்) ஒவ்வொரு சிம்பலுக்கும் சராசரி, வேரியன்ஸ் (அந்தக் கணிப்பின் நிச்சயமின்மை) கணக்கிட்டு, அந்தச் சராசரியை வைத்து மற்ற சிம்பல்களின் குறுக்கீட்டைக் கழித்துவிட்டால் மிச்சத்தை லீனியர் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். சிம்பலுக்குச் சிம்பல் மேட்ரிக்ஸ் இன்வர்ஸ் எடுக்காதீர்கள் (பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்). வேரியன்ஸை பிளாக் முழுக்கச் சராசரி எடுத்தால் சுற்றுக்கு ஒரே ஃபில்டர் போதும். பிழை விகிதம் கொஞ்சம் ஏறலாம், ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அது பரவாயில்லை என்பேன்.

ஒன்றில் மட்டும் கவனம்: ஒரு சிம்பலைக் கணிக்கும்போது அதற்கு டிகோடர் சொன்னதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சொன்னதையே திரும்பச் சொல்லி, தப்பான விடையிலேயே உறுதியாக நின்றுவிடும்.

அப்புறம், சிஆர்சி (பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) சரியாக வந்த பிளாக்கை அங்கேயே நிறுத்துங்கள். இரைச்சல் குறைவான இடங்களில் பாதி நேரம் அதிலேயே மிச்சமாகலாம்.