குறைந்த பட்ஜெட்டில் லேப்டாப்: ஐ5 - 8 ஜிபியா, ஐ3 - 16 ஜிபியா?

கேட்டிருப்பது இதுதான்: கல்லூரிப் பாடங்கள், ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் பைதான். பட்ஜெட்டைத் தாண்ட முடியாது. ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு மாடல்கள். ஒன்றில் இன்டெல் ஐ5-1235யூ ப்ராசசர், 8 ஜிபி ரேம். இன்னொன்றில் ஐ3-1215யூ, 16 ஜிபி ரேம். எதை எடுப்பது?

ஐ5 மாடலில் ரேம் போட ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் அதை எடுக்கலாம். ரேம் மொத்தமும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தால் (கழற்ற முடியாதபடி பற்றவைத்திருந்தால்) யோசிக்கவே வேண்டாம், ஐ3-தான். வாங்கிய பிறகு மாற்ற முடியாத பாகத்துக்கு இப்போதே பணம் போட வேண்டும், மாற்றக்கூடியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் போடும் கணக்கு இவ்வளவுதான்.

ஐ5-ஐ விட்டு ஐ3-க்கு இறங்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். இந்த இரண்டு சிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்பார்கள். இரண்டிலும் வேகமான பெரிய கோர்கள் 2 மட்டுமே. அவற்றின் உச்ச வேகமும் ஒன்றுதான், 4.4 கிகாஹெர்ட்ஸ். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சிறிய கோர்கள் ஐ3-இல் 4, ஐ5-இல் 8. வீடியோ ரெண்டர் செய்தால், பெரிய ப்ராஜெக்ட்டை கம்பைல் செய்தால் அந்தக் கூடுதல் 4 கோர்கள் உதவும். பிரவுசரில் இருபது டேப், ஒரு வீடியோ கால், கூடவே கோட் எடிட்டர் என்று ஓடும்போது முதலில் திணறுவது ப்ராசசர் இல்லை, 8 ஜிபி ரேம்தான். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை, ரேமைவிட மெதுவான எஸ்எஸ்டி ஸ்டோரேஜில் தள்ளி வைத்து எடுக்கும். அந்த இழுவையைத்தான் நாம் "ஹேங் ஆகுது" என்கிறோம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் இருப்பதை நம்பி 4 ஜிபி மாடல் எதையும் வாங்கிவிடாதீர்கள். அது விண்டோஸ் ஏறுவதற்கான அளவு, வேலை பார்ப்பதற்கானது இல்லை.

ஸ்லாட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்பனைப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. மாடலின் முழு எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் ஸ்பெக் ஷீட்டையோ சர்வீஸ் மேனுவலையோ தேடுங்கள். லெனோவோ என்றால் பிஎஸ்ரெஃப் தளத்தில் தெளிவாகப் போட்டிருப்பார்கள். ரேம் வகை எல்பிடிடிஆர் (LPDDR) என்று தொடங்கினால் கிட்டத்தட்ட எப்போதும் சால்டர் செய்ததுதான். 8 ஜிபி போர்டிலும் ஒரு ஸ்லாட் காலியாகவும் இருப்பது நல்ல அமைப்பு. பின்னால் இன்னொரு 8 போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்கள் ரேமையே கிராபிக்ஸுக்கும் பயன்படுத்துவதால் அதிலும் வேகம் கூடும். ஆனால் அந்த இரண்டாவது ரேமின் விலையையும் இப்போதே பட்ஜெட்டில் சேர்த்துப் பாருங்கள், ரேம் விலை ஒரே மாதிரி நிற்பதில்லை.

தேடும்போது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் ப்ராசசர் போட்ட மாடல்களும் கண்ணில் படும். அங்கே "ரைசன் 5" என்ற பெயரோடு நின்றுவிடாதீர்கள். 7520யூ, 7530யூ இரண்டுமே ரைசன் 5-தான். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் டிசைனைச் சொல்லும்: 2 என்றால் 2019-இல் வந்த ஜென் 2, 3 என்றால் அதற்கு அடுத்த ஜென் 3. 7520யூ-இல் 4 கோர், 7530யூ-இல் 6. ஒரே ஸ்டிக்கர், உள்ளே வேறு வேறு சரக்கு. போதாததற்கு 7520யூ சால்டர் செய்த ரேமோடுதான் வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இன்டெல் பக்கம் என்100 என்ற சிப் மலிவு மாடல்களில் நிறைய வருகிறது. அதில் சிறிய கோர்கள் 4 மட்டும். பாடம் படிக்க, டைப் அடிக்க ஓடும். நான்கு வருடப் படிப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டோரேஜுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியா என்று மட்டும் பாருங்கள், மெதுவான இஎம்எம்சி ஸ்டோரேஜ் என்றால் தொடாதீர்கள். 256 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸ் 238 என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. நிரம்பினால் பின்னால் பெரியதாக மாற்றிக்கொள்ளலாம்.

திரையை யாரும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். தினமும் மணிக்கணக்கில் பார்க்கப்போவது அதைத்தானே! 1920 x 1080 பிக்சல், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை பேனல், இந்த இரண்டுக்கும் குறைந்து போகாதீர்கள். 1366 x 768 திரையில் கோட் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்று வைக்க இடமே இருக்காது. டிஎன் என்ற மலிவு வகை பேனலில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். உங்கள் இரண்டு மாடல்களில் ஒன்றில் மட்டும் நல்ல திரை இருந்தால், ரேம் கணக்கோடு அதையும் சேர்த்து எடை போடுங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு உங்கள் வேலைக்குத் தேவையில்லை. பேட்டரிக்கு "10 மணி நேரம்" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-ஹவர் (Wh) எண்ணைப் பாருங்கள். 50-க்கு மேல் இருந்தால் நல்லது.

இன்னொரு வழி, பழைய பிசினஸ் லேப்டாப். திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் ரகங்கள் ரீஃபர்பிஷ்டாக, அதாவது பயன்படுத்தியதைச் சரிபார்த்து மறுபடி விற்பதாகக் கிடைக்கும். கீபோர்டும் பாடியும் அதே விலையில் வரும் புது மாடலைவிடப் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையது வேண்டாம், விண்டோஸ் 11-ஐ அதிகாரப்பூர்வமாகப் போட முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பணம் கொடுக்கும் முன் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) போய்ப் பாருங்கள். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்ட் கேட்டால் அந்த மெஷினை அங்கேயே விட்டுவிடுங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, முதலில் இருந்த கொள்ளளவையும் இப்போது நிற்கும் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் புது பேட்டரியின் விலையைக் குறைத்துத் தரச் சொல்லிப் பேரம் பேசலாம்.