நியூயார்க் சிட்டிகார்ப் கட்டடத்தின் கால்கள் ஏன் மூலைகளில் இல்லை?

மன்ஹாட்டனில் 1977-இல் சிட்டி வங்கிக்காகக் கட்டப்பட்ட 59 மாடிக் கோபுரம் இது. நான்கு பிரம்மாண்டத் தூண்கள்மேல், தரையிலிருந்து சுமார் ஒன்பது மாடி உயரத்தில் அது தொடங்குகிறது.

காரணம் ஒரு தேவாலயம். மனையின் ஒரு மூலை புனித பேதுரு லூத்தரன் சபைக்குச் சொந்தம். 'அதே மூலையில் எங்களுக்குப் புதிய ஆலயம் வேண்டும், கோபுரத்தின் தூண் அதன் வழியே இறங்கக் கூடாது' என்ற நிபந்தனையோடுதான் சபை இடத்தை விற்றது. எனவே பொறியாளர் வில்லியம் லெமெசூரியர் தூண்களை ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வைத்தார். நாற்காலியின் கால்களை மூலையிலிருந்து கழற்றி, பக்க நடுவில் பொருத்தியது போல. உட்காரலாம், ஆனால் மூலைப் பக்கம் சாய்ந்தால் ஆட்டம் காணும். புயல்காற்று மூலைவாக்கில் அடிக்கும்போது கோபுரத்துக்கும் அதே சிக்கல்தான். 1978-இல் இதை உணர்ந்த லெமெசூரியரே வங்கியிடம் சொன்னார். பல வாரங்கள், இரவு நேரங்களில் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துப் பலப்படுத்தினார்கள். உள்ளே வேலை செய்தவர்களுக்கு உண்மையைச் சொல்லவில்லை. அது சரியல்ல என்பதே என் கருத்து. 1995-இல்தான் ஊருக்குத் தெரிந்தது.

தூண்களை நடுவில் வைத்ததே தவறு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பலவீனம், அந்த மூலைக் காற்றின் விசையைத் தாங்க வேண்டிய சாய்வு எஃகுச் சட்டங்களைப் பற்றவைக்காமல் போல்ட்டால் இணைத்ததில் இருந்தது.