கனவுக்குள் விழித்தவர்கள்: வேலூர் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

தூக்கப் பரிசோதனை அறையில் 11 ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தேன். அடுத்தவர் தூங்குவதை விடிய விடியப் பார்ப்பதுதான் வேலை. தூக்கம் கலையாமலே ‘இது கனவு’ என்று தெரிந்துவிடுவதை லூசிட் கனவு என்பார்கள். எனக்கும் மாதம் இரண்டு மூன்று முறை வரும். அதைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவை இவை.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அக்கா, என் ரூம்மேட் வாரத்துக்கு ஒருமுறை கனவில் பறக்கிறான். எனக்கு ஒரே ஒரு தடவைதான் கனவு என்று தெரிந்தது, உடனே விழிப்பு வந்துவிட்டது. எங்கே தப்பு?

தப்பே இல்லை தம்பி. முதல் தடவை பலருக்கும் அப்படித்தான். மனம் துள்ளும், தூக்கம் கலையும். பல ஆய்வுகளைச் சேர்த்து 2016இல் போட்ட கணக்கில், வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்தவர்கள் சுமார் 55 சதவீதம். மாதம் ஒருமுறையாவது வருபவர்கள் 23 சதவீதம்தான். வாராவாரம் பறக்கிற உங்கள் நண்பர் அபூர்வம். அவரை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

அடுத்த முறை பறக்கப் பார்க்காமல், கனவிலேயே உள்ளங்கைகளைத் தேயுங்கள், இல்லை பக்கத்துச் சுவரைத் தொடுங்கள். கவனம் கனவு உடம்பில் நிற்கும், படுக்கையில் கிடக்கும் உடம்புக்குப் போகாது. எனக்கு முதன்முதலில் கனவு நிலைத்தது கோட்டை மதிலைத் தொட்டபோதுதான். அந்தக் கருங்கல்லின் சில்லிப்பு இன்னும் கையில் இருக்கிறது.

ராணிப்பேட்டை, கணக்கர்: கனவு என்று தெரிகிறது, ஆனால் எதையும் மாற்ற முடியவில்லை. நாய் துரத்தினால் துரத்திக்கொண்டேதான் இருக்கிறது. இது லூசிட் கனவில் சேருமா?

நிச்சயம் சேரும். என்னிடம் பேசுகிற பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப் போகிறார்கள். தெரிவது வேறு, ஆள்வது வேறு. சிலர் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலரால் தன் கைகாலை மட்டும் இஷ்டப்படி நடத்த முடியும். ஊரையே மாற்றி அமைப்பவர்கள் குறைவு. ரெம் தூக்கத்தில், அதாவது கண்மணி வேகமாக அசையும் அந்தத் தூக்கத்தில், திட்டம் போடும் முன்மூளைப் பகுதி மந்தமாக இருக்கும். லூசிட் கனவில் அது ஓரளவு எழுந்துகொள்கிறது. எவ்வளவு எழும் என்பது ஆளுக்கு ஆள் வேறு; அதே ஆளுக்கு நேற்று ஒன்று, இன்று ஒன்று.

நன்றாகப் பழகியவர்களுக்கும் எல்லை உண்டு. இருட்டறையில் ஸ்விட்சைப் போட்டால் கனவில் பலருக்கு விளக்கு எரிவதில்லை. எனக்கு இன்றுவரை எரிந்ததில்லை. நாயை மாற்ற முயலாதீர்கள். ஓடாமல் நின்று அதைத் திரும்பிப் பாருங்கள். கெட்ட கனவால் அவதிப்படுபவர்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

ஆற்காடு, ஓய்வு பெற்ற ஆசிரியர்: காலையில் எழுந்து கதை சொல்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறதம்மா. நிரூபணம் உண்டா?

உண்டு ஐயா. ரெம் தூக்கத்தில் உடம்பு கட்டிப்போட்டது போலக் கிடந்தாலும் கண்கள் அசையும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்க வைத்தார். கனவு என்று தெரிந்ததும் முன்பே பேசிவைத்தபடி வொர்ஸ்லி கண்ணை இடமும் வலமும் அசைத்தார். கருவியில் கோடாக விழுந்தது. பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக அதே முறையில் செய்து காட்டினார். 2021இல் வெளிவந்த ஆய்வில் கனவு காண்பவரிடமே கணக்குக் கேட்டார்கள். எட்டில் ஆறு போனால் எத்தனை என்றதற்கு, ஒருவர் தூக்கத்திலேயே கண்ணசைவால் ‘இரண்டு’ என்றார். கோடு கோடாகப் பார்த்துப் பழகிய எனக்கு அதைப் படித்தபோது மேல் சிலிர்த்துவிட்டது.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் படுத்தால் மட்டும் வருகிறது. ஏன்?

ரெம் தூக்கம் விடியற்காலை, காலை நேரத்தில்தான் நீளமாக வரும். அந்த நேரத்தில் படுப்பதால் நீங்கள் சீக்கிரமே அதற்குள் போய்விடுகிறீர்கள். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாலாஜா, இல்லத்தரசி: இது கனவு என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்ப்பேன். கனவில் மூச்சு தாராளமாக உள்ளே போகும். எனக்கென்று இன்னோர் அடையாளம், பாலாற்றில் இரு கரை தொட்டு ஓடும் தண்ணீர். வறண்ட மணலையே பார்த்து வளர்ந்தவள் நான். 2021 நவம்பரில் நிஜமாகவே வெள்ளம் வந்தபோது பாலத்தருகே நின்று மூக்கைப் பிடித்துப் பார்த்தேன். மூச்சு அடைத்தது, கண் கலங்கிவிட்டது. உங்கள் கனவில் திரும்பத் திரும்ப வருவது எது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், உங்கள் அடையாளம் அதில் கிடைக்கும்.

குடியாத்தம், தையல் வேலை செய்பவர்: அக்கா, விழிப்பு வந்தும் அசைய முடியவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி. அமுக்குவான் பேய் என்கிறார் மாமியார். இதுவும் அதுதானா?

பக்கத்து வீடு என்று சொல்லலாம். மனம் முந்தி எழுந்துவிட்டது, ரெம் தூக்கத்தின் கட்டு உடம்பை இன்னும் விடவில்லை. பேய் இல்லை. ஆனால் மாமியார் சொல்லும் அந்தப் பாரம் உண்மையாகவே உணரப்படுவது, அவரோடு சண்டை வேண்டாம். மல்லாந்து படுத்தாலும் தூக்கம் குறைந்தாலும் அதிகம் வரும். கால் கட்டைவிரலை அசைக்கப் பாருங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். சிலர் இதிலிருந்தே நேராக லூசிட் கனவுக்குள் போகிறார்கள். சிலருக்கு இது பயம் மட்டும்தான். அடிக்கடி வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

வாணியம்பாடி: ஆன்லைனில் இதற்கு மாத்திரை விற்கிறார்களே?

வேண்டாம். கனவா நிஜமா என்ற குழப்பம் பகலிலும் வருபவர்கள் இந்தப் பயிற்சியையே விட்டுவிடுங்கள்.

சத்துவாச்சாரி: எனக்கு மூன்று வயதில் பார்வை போய்விட்டது. கனவில் படமே இல்லை. கோயில் மண்டபத்தில் என் காலடி எதிரொலிக்கும், விபூதி வாசனை வரும், கையில் கோல் இல்லையே என்று கவனித்ததும் கனவு என்று தெரிந்துவிடும். இதையும் லூசிட் கனவு என்பார்களா?

அப்பழுக்கில்லாத லூசிட் கனவு, அண்ணா. பிறவியிலோ மிகச் சிறு வயதிலோ பார்வை போனவர்கள் பெரும்பாலும் ஓசை, தொடுதல், மணம் வழியாகவே கனவு காண்கிறார்கள். ஏழு வயதுக்குப் பிறகு இழந்தவர்களுக்குப் படங்கள் பல காலம் தங்கும். நீங்கள் கோல் இல்லாததைக் கவனித்ததும், நான் பாலாற்றுத் தண்ணீரைக் கவனிப்பதும் ஒரே வேலைதான். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. கோல் இல்லை என்று தெரிந்த பிறகு, அந்த மண்டபத்தில் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள்? கையை நீட்டித் தடவியா, இல்லை வேகமாகவா?