லிச்சி வாசனை வந்தா உடனே பேர் எழுதிடாதீங்க

கேள்வி: லேபிளை மறைச்சு வெச்சு ஒயின் டேஸ்ட் பண்ற பயிற்சிக்குப் போய்ட்டு இருக்கேன் மேடம். ரெண்டு தடவை பூ வாசனை தூக்கலா ஒரு வெள்ளை ஒயின் வந்துச்சு, ரெண்டு தடவையும் மஸ்கட்னு எழுதினேன், ரெண்டுமே கெவுர்ட்ஸ்ட்ரமினராம். எப்படித்தான் பிரிச்சுப் பாக்குறது?

பதில்: இது எல்லாருக்கும் வர்ற குழப்பம்தாங்க. டெர்பீன்னு சொல்ற வாசனைப் பொருள் ரெண்டு திராட்சையிலயும் நெறைய இருக்கு, மூக்கை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். ஆனா கெவுர்ட்ஸ்ல (கெவுர்ட்ஸ்ட்ரமினரைச் சுருக்கி அப்படித்தான் சொல்வோம்) ரோஸ் ஆக்சைடுன்னு ஒண்ணு தூக்கலா நிக்கும், லிச்சி பழத்துலயும் அதே பொருள்தான் இருக்கு, அதனால கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போறதுக்குள்ளயே உரிச்ச லிச்சியும் பன்னீரும் கலந்து வந்துடும். மஸ்கட் அப்படியில்ல, அது திராட்சையாவே மணக்கும். ஒயினா மாறினப்புறமும் பழத்தோட வாசனை அப்படியே நிக்கிற ரகம் ரொம்பக் கம்மி, எனக்கு மஸ்கட் புடிக்கிறதே அதுக்காகத்தான். இன்னொண்ணு, ஜெர்மன்ல கெவுர்ட்ஸ்னா மசாலான்னு அர்த்தம், அதை நம்பி மிளகு, கிராம்பு வாசனைன்னு தேடிட்டு உக்காராதீங்க.

முடிவு பண்றது வாயிலதான். ஒரு வாய் முழுங்கிட்டு தலையைக் கொஞ்சம் குனிஞ்சு பத்து செகண்ட் சும்மா இருங்க. ரீஸ்லிங்னு இன்னொரு வெள்ளை ஒயினா இருந்தா கன்னத்துக்கு உள்பக்கம் எச்சில் ஊறிட்டே இருக்கும், கெவுர்ட்ஸ்ல அவ்வளவா ஊறாது, ஏன்னா புளிப்பு கம்மி. அதுக்குப் பதிலா எண்ணெய் தடவின மாதிரி ஒரு வழவழப்பு, 13.5, 14 சதவீதம்னு போற ஆல்கஹாலோட சூடு, கடைசியா நாக்கோட பின்பக்கத்துல மெல்லிசா ஒரு கசப்பு, இந்த மூணும் சேர்ந்து வந்தா தைரியமா எழுதலாம். கலர்கூட கொஞ்சம் பொன்னிறமா இருக்கும், அந்தத் திராட்சையோட தோலே இளஞ்சிவப்புதான்.

வியோன்யேன்னு இன்னொரு வெள்ளை ஒயினும் இதே மாதிரி கனமா, புளிப்பு கம்மியாதான் இருக்கும், ஆனா அதுல ஆப்ரிகாட், பீச் வாசனைதான் முன்னாடி வரும். ரொம்ப ஏமாத்துறது அர்ஜென்டினாவோட டொரொன்டெஸ்ங்கிற வெள்ளை ஒயின்தான், மோந்தா இனிப்பா இருக்கும், குடிச்சா இனிப்பே இருக்காது, கசப்பும் உண்டு. மஸ்கட்லயே ஒரு வகையான அலெக்சாண்ட்ரியா மஸ்கட்தான் அந்தத் திராட்சையோட பெற்றோர்ல ஒண்ணு, அந்த ஜாடை எங்க போகும்? ஆனா கெவுர்ட்ஸ் மாதிரி இல்லாம டொரொன்டெஸ் வாயில லேசா இருக்கும், புளிப்பும் கொஞ்சம் கூட நிக்கும்.

ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்ததும் மோந்து பாக்காதீங்க, குளிர்ல வாசனை அமுங்கிடும், ஒரு 10, 12 டிகிரிக்கு வரட்டும். முடிஞ்சா பிரான்ஸோட அல்சாஸ்லருந்தே ரெண்டையும் வாங்கி, மஸ்கட் ஒரு கிளாஸ், கெவுர்ட்ஸ் ஒரு கிளாஸ்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு மாத்தி மாத்தி ருசி பாருங்க, முதல்ல மஸ்கட்டைக் குடிங்க, கனமானதை முதல்ல குடிச்சா மஸ்கட் தண்ணியா தெரியும்.